மகசூல் கூடினால் கையில் காசு கூடுமா? கடைமடையிலிருந்து வந்த கேள்வி

கேள்வி: ஐயா, வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் கரையை ஒட்டி மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், மேட்டு வயல் சொந்தம். வடிகால் ஓரத்தில் மூன்று மா குத்தகை. குத்தகைக்கு, விளைந்தாலும் விளையாவிட்டாலும் எட்டு மூட்டை அளக்க வேண்டும். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நிலம், ஒரு பசுமாடு, மாமியார் எல்லாம் என் பொறுப்பு. நடவுக் காலத்தில் நானும் 400 ரூபாய் கூலிக்குப் போகிறேன். போன சம்பாவில் மேட்டு வயலில் 28 மூட்டை கண்டது. பள்ள வயல் ஒன்பது நாள் மழைத் தண்ணீரில் கிடந்து பாதிக்கு மேல் அழுகிவிட்டது. செம்மை நெல் சாகுபடிக்கு மாறச் சொல்கிறார்கள். வெள்ளம் தாங்கும் புது விதை போடச் சொல்கிறார்கள். எங்கள் மகளிர் குழு கடன் எடுத்து நடவு இயந்திரம் வாங்கலாம் என்று பேசுகிறது. இதற்காக என் நகையை அடகு வைக்கலாமா? எல்லாரும் விளைச்சல் கூடும் என்கிறார்கள். எங்கள் கைக்கு என்ன கூடும் என்று யாரும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையை இந்தச் சம்பாவிலேயே மாற்றுங்கள், அதுவும் பள்ள வயலில். செம்மை நெல்லை மேட்டு வயலில் அரை மா அளவுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். இயந்திரம் வாங்க வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்த காலமெல்லாம் எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் தவறாமல் நிரப்பப்படும்: ஹெக்டேருக்கு இத்தனை கிலோ. அந்த நெல்லை விளைவித்த குடும்பத்தின் வருமானம் என்ன ஆனது, யார் எத்தனை நாள் கூடுதலாக உழைத்தார்கள், எந்த மாதத்தில் கடன் வாங்கினார்கள் என்று கேட்க அங்கே கட்டமே இல்லை. நீங்கள் கேட்பது அந்த இல்லாத கட்டத்தைப் பற்றி. நியாயமான கேள்வி அது.

செம்மை நெல்லிலிருந்து தொடங்குகிறேன். இது மடகாஸ்கர் தீவில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000த்துக்குப் பிறகு இதைச் சோதித்து, காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் உழவர் வயல்களில் செய்துகாட்டியது. திருந்திய நெல் சாகுபடி, ராஜராஜன் 1000 என்றெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். முறை உண்மையிலேயே நல்ல முறை. ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். 14 நாள் நாற்றை, அடியில் விதை ஒட்டியிருக்க, வேர் அறாமல் மண்ணோடு அள்ளி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் குத்துக்கு ஒன்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். அமிழ்த்தி நடக்கூடாது, விரல் நுனியால் சேற்றில் ஒட்டவைப்பது போலத்தான். நட்ட முதல் வாரம் வயலைப் பார்த்தால் எதுவுமே நடாதது போல வெறிச்சென்று இருக்கும். அக்கம்பக்கத்தார் வரப்பில் நின்று பரிதாபப்படுவார்கள். பத்தாம் நாளிலிருந்து உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால், ஒற்றை நாற்று முப்பது தூருக்கு (பக்கக் கிளைக்கு) மேல் வெடிக்கும். இவ்வளவும் மெய். விளைச்சல் கூடும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே ஏழை உழவர்கள் பலர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவர்களிலும் பலர் சில ஆண்டுகளில் விட்டுவிட்டார்கள். ஏனென்று மோசர், பாரெட் என்ற இரு ஆய்வாளர்கள் தேடிப்போய், 2003இல் வெளியிட்டார்கள். காரணம் சோம்பலுமல்ல, அறியாமையுமல்ல. இந்த முறை கூடுதல் ஆள் உழைப்பைக் கேட்பது நடவு, களை மாதங்களில். அந்த மாதங்களில்தான் அந்த வீடுகளில் குதிரில் நெல் இருக்காது. அன்றாடச் சோற்றுக்கு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்களால் தம் வயலில் குனிந்து நிற்க முடியவில்லை. மூன்று மாதம் கழித்து வரப்போகும் நெல்லுக்காக இன்றைய அடுப்பை அணைக்க யாரால் முடியும்?

இந்தோனேசியாவில் நடந்த ஆய்வு இன்னும் கண்ணைத் திறப்பது. தகஹாஷியும் அதே பாரெட்டும் 2014இல் எழுதினார்கள்: இந்த முறைக்கு மாறிய உழவர்களின் நெல் விளைச்சல் சராசரியாக 64 சதவீதம் கூடியிருந்தது. குடும்பத்தின் மொத்த வருமானமோ குறிப்பிடும்படி உயரவில்லை. வெளியே சம்பாதித்துக்கொண்டிருந்த கைகள் வயலுக்குத் திரும்பியதால், நெல்லில் வந்தது கூலியில் போய்விட்டது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். உங்கள் புரட்டாசி மாதம் மடகாஸ்கர் உழவரின் அந்த மாதம் போலத்தான் இருக்கிறது. கூலி கிடைக்கும் மாதம் அதுதான், கையில் காசு இல்லாத மாதமும் அதுதான். மேட்டு வயல் மூன்று மாவிலும் செம்மை நெல் வைத்து ஆறு மூட்டை கூடினால், 60 கிலோ மூட்டைக்கு 360 கிலோ. 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக குவிண்டால் 2,500. கூடுதல் வரவு 9,000. விதையில் மிச்சம் ஓர் ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கைக்களைக்குக் கொடுத்துவந்த கூலி ஒரு 4,000 நிற்கும். மொத்தம் 14,000. கேட்க இனிக்கிறது. இனிச் செலவு. சேற்றில் உருளைக் களைக்கருவியைத் தள்ளுவது பாரமான வேலை. பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். நான்கு முறை, முறைக்கு இருவர், ஆளுக்கு 700 என்றால் 5,600. நீர் கட்டவும் வடிக்கவும், நடவைக் கூடவே நின்று பார்க்கவும் நீங்கள் கூலிக்குப் போகாமல் நிற்கும் நாள் பன்னிரண்டு என்றால் 4,800. மிஞ்சுவது 3,600 ரூபாய்.

3,600 ரூபாய் வேண்டாமென்று சொல்லும் நிலையில் நாம் யாரும் இல்லை. ஆனால் எல்லாம் சரியாக நடந்தால்தான் அது. கூடுதல் விளைச்சல் ஆறு மூட்டைக்குப் பதில் நான்காக நின்றாலே கிட்டத்தட்ட அத்தனையும் போய்விடும். கூலி விகிதங்களை நான் தோராயமாகப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணக்கில் உங்கள் உழைப்பை மட்டும் சும்மா வந்ததாக எழுதாதீர்கள். வீட்டுப் பெண்ணின் வேலைநாளுக்குப் பூஜ்யம் போடும் பழக்கம் நம் சாகுபடிச் செலவுக் கணக்குகளில் நெடுங்காலமாக இருக்கிறது. பல தொழில்நுட்பங்கள் காகிதத்தில் இலாபமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, நீர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகே தண்ணீர் கட்டுவது இந்த முறையின் உயிர்நாடி. அதற்கு, வேண்டும்போது தண்ணீர் வர வேண்டும், வேண்டாதபோது வடிய வேண்டும். கடைமடையில் முறைப்பாசனத் தண்ணீர் உங்கள் மடைக்கு என்றைக்கு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்பு. இதற்கு நடுவே ஐப்பசி மழை. ஒற்றை நாற்று தூர் கட்டுவதற்கு முன் நான்கு நாள் கனமழை பிடித்தால் வயலே கரைந்துவிடும். ஆகவே பள்ள வயலில் இந்த முறையை நினைக்கவே வேண்டாம். மேட்டு வயலில் செய்வதாக இருந்தாலும் ஆகஸ்ட் கடைசிக்குள் நாற்று விட்டு, செப்டம்பர் நடுவில் நட்டுவிட வேண்டும். மழை இறுகுவதற்குள் பயிருக்கு ஒரு மாதமாவது கிடைக்க வேண்டும்.

பள்ள வயலுக்குத்தான் விதை. உங்களிடம் சொல்லப்பட்டது சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகமாக இருக்கும். டெல்டாவுக்குப் பழக்கமான சி.ஆர். 1009 இதுவே; அதோடு வெள்ளம் தாங்கும் மரபணு ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. அந்த மரபணு ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். சாதாரணப் பயிர் தண்ணீரில் மூழ்கினால் மூச்சுக்குத் தவித்து மேலே மேலே நீளும்; இருந்த சத்தையெல்லாம் அதில் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு அழுகும். சப் 1 பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்து வைத்திருக்கும். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் வடிந்தபின் அடியிலிருந்து துளிர்க்கும். உங்கள் வயல் ஒன்பது நாள் கிடந்தது. இந்த விதை தாங்கக்கூடிய காலம்தான் அது.

உங்கள் பிழைப்புக்கு இது ஏன் முக்கியம் என்றால், குத்தகை எட்டு மூட்டை என்று நிலையாக இருப்பதால் நல்ல ஆண்டின் இலாபத்தைவிடக் கெட்ட ஆண்டின் நட்டம்தான் உங்களை வீழ்த்துகிறது. விளையாத ஆண்டில் மேட்டு வயல் நெல்லைத் தூக்கிக் குத்தகைக்கு அளக்கிறீர்கள். பிறகு அதை ஈடுகட்டக் கடன் வாங்குகிறீர்கள். இந்த விதை நல்ல ஆண்டில் உங்களுக்கு ஒரு மூட்டைகூடக் கூடுதலாகத் தராமல் போகலாம். கெட்ட ஆண்டில் குத்தகைக்காவது நெல் தந்தால், அந்தக் கடன் பிறக்காது. ஒடிசாவில் சுவர்ணா சப் 1 என்ற இதே வகை விதையை உழவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெள்ளத்தில் தப்பியது மட்டுமல்ல, பயம் குறைந்ததாலேயே அவர்கள் உரமிட்டார்கள், விதை தெளிப்பதை விட்டு நடவுக்கு மாறினார்கள், சாகுபடிப் பரப்பைக் கூட்டினார்கள் என்று தெரியவந்தது. அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அங்கேயும் பள்ளமான, வெள்ளம் தேங்கும் நிலங்கள் தாழ்த்தப்பட்ட மக்களின் கையில்தான் அதிகம். ஆகவே இந்த விதையின் பலன் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. ஏழைக்கென்று தனித் திட்டம் எதுவும் போடாமல், விதையே ஏழையின் வயலைத் தேடிப்போனது அபூர்வம்.

இந்த விதையால் ஆகாததையும் தெரிந்துகொள்ளுங்கள். முளைக்கும் பருவத்தில் தண்ணீரில் கிடந்தால் இது காப்பாற்றாது. அதனால் பள்ள வயலில் நேரடி விதைப்பு வேண்டாம், 30 நாள் கடந்த வலுவான நாற்றை நடுங்கள். மேட்டு வயலில் 14 நாள் நாற்று, பள்ள வயலில் 30 நாள் நாற்று என்றால் நாற்றங்கால்காரர் குழம்புவார், தனித்தனியே விடுங்கள். பூக்கும் பருவத்திலோ கதிர் முற்றும் பருவத்திலோ மூழ்கினால் எந்த சப் 1-ம் தப்பாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும் இது தீர்வல்ல. வெள்ளம் வடிந்த மறுநாளே யூரியாவை அள்ளி வீசாதீர்கள். புது இலை தெரிந்தபின் கொடுங்கள். ரகம் 155 நாள் வயது கொண்டது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படுவதால், ஆகஸ்டிலேயே நாற்று விட்டால்தான் கடைசித் தண்ணீர் எட்டும். தண்ணீர் வரவு தாமதமாகும் ஆண்டில் இந்த ரகத்தைப் பிடிவாதமாகப் போட வேண்டாம்.

இது ஒட்டுரகம் அல்ல. முதல் ஆண்டு வேளாண் விரிவாக்க மையத்தில் நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்குங்கள். அதன்பின் வயலின் நடுப்பகுதியில் கலவன் (வேற்று ரகப் பயிர்) நீக்கி நீங்களே இரண்டு மூன்று பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். விதைக்கும் முன் கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் நாற்று வலுக்க இதைப்போல வழி வேறில்லை.

இயந்திரத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தயக்கம் அதிகம். நடவு இயந்திரம் வருடத்தில் சில வாரங்களே ஓடும். கடன் தவணையோ பன்னிரண்டு மாதமும் ஓடும். பழுதானால் பாகம் எங்கே கிடைக்கும், இயந்திரத்துக்கு ஏற்ற, பாய் போலச் சுருட்டி எடுக்கும் நாற்றங்காலை யார் தயார் செய்வார்கள், உங்கள் ஊர் வயல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் நடவுக்கு வரும்போது முதலில் யார் வயல் என்ற கேள்விகள் குழுவையே உடைத்த ஊர்களை அறிவேன். வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது, அரசின் உழவன் கைப்பேசிச் செயலியில் பதியலாம். உங்கள் வட்டாரத்தில் நடவு இயந்திரம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், நீங்களும் உங்கள் குழுவில் பாதிப்பேரும் நடவுக் கூலியில் பிழைக்கிறவர்கள். அறுவடை இயந்திரம் வந்தபோது கருக்கரிவாள் பிடித்த கைகளுக்கு வேலை போனது உங்கள் அம்மா காலத்துக் கதை, கேட்டுப்பாருங்கள். நடவும் போனால் புரட்டாசியில் இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். இயந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் கிடைக்காமல் நடவு தள்ளிப்போய் மழையில் மாட்டும் வயல்களும் உங்கள் ஊரில் இருக்கும். வாங்குவதானால் ஓட்டுகிறவர்களாகவும் நாற்றுத் தட்டு தயாரிப்பவர்களாகவும் அதே பெண்கள் கூலி பெற வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். புது நுட்பம் வந்து விளைச்சல் பெருகும்போது அது யாருக்குப் பங்காகிறது என்ற கேள்விக்கு உங்கள் மண் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் வந்தது, பிறகு ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது, நெல் குவிந்தது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து அது தொலைவில்லை.

குத்தகை பற்றியும் ஒரு வார்த்தை. பள்ள வயல் நன்றாக விளையத் தொடங்கினால் நிலத்துக்காரர் பத்து மூட்டை கேட்கலாம். இப்போதே, விதை மாற்றுவதற்கு முன்பே, இரண்டு மூன்று ஆண்டுக்கு எட்டு மூட்டை என்று எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிப் பதிவுச் சான்று) பெறவும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கவும் உதவும். நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை. அது இருக்கும்போது நகையை ஏன் தொட வேண்டும்? குத்தகை நிலம் எப்போதும் உங்களிடமே இருக்கும் என்பதில்லை; ஆகவே பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, வரப்பை உயர்த்துவது போன்ற, பல ஆண்டு கழித்துப் பலன் தரும் வேலைகளைச் சொந்த வயலில் செய்யுங்கள்.

காப்பீட்டைத் தவறவிடாதீர்கள். சம்பா நெல்லுக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்தில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைப் பார்த்து வருகிறது. ஊரெல்லாம் விளைந்து உங்கள் செம்மை நெல் மட்டும் சொதப்பினால் ஒரு ரூபாய் வராது. புது முறையைச் சோதிக்கும் ஆபத்து முழுக்க உங்கள் தலையில்தான் என்பதால்தான் அரை மா என்று சொன்னேன். அதற்கு விதை அரைக் கிலோ, நாற்றங்கால் ஏழு சதுர மீட்டர். உருளைக் களைக்கருவியைக் காசு கொடுத்து வாங்காமல் வட்டார வேளாண் அலுவலகத்திலோ செம்மை நெல் செய்யும் உழவரிடமோ இரவல் கேளுங்கள். மேட்டு வயலுக்கு 130 நாள் வயதுள்ள டி.கே.எம். 13 பொருந்தும்; சன்ன ரகம், பொங்கலையொட்டி அறுவடைக்கு வந்துவிடும். அரை மாவில் அதைச் செம்மை முறையிலும், மீதி இரண்டரை மாவில் அதே ரகத்தை வழக்கமான முறையிலும் வையுங்கள். ரகமும் முறையும் சேர்ந்தே மாறினால் எதனால் விளைந்தது என்று பிறகு சொல்ல முடியாது. அந்த அரை மாவின் நெல்லைத் தனியாகக் காயவைத்து, தனியாக நிறுத்து எழுதுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அறுவடைக்கு முன் ஒன்று கவனியுங்கள். மாட்டுக்கு வைக்கோல் வேண்டுமே. பள்ள வயலில் ஈரம் காயாமல் பெல்ட் வண்டி (பெல்ட் சக்கர அறுவடை இயந்திரம்) இறங்கினால் வைக்கோல் சேற்றில் மிதிபட்டு வீணாகும். அதை வெளியே வாங்கும் செலவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். முடிந்தால் மாட்டுக்குத் தேவையான அளவுக்கு ஒரு மாவையாவது கையால் அறுங்கள். உங்கள் குழுப் பெண்களுக்கும் நான்கு நாள் வேலை ஆகும். வரவு செலவை நீங்கள் வேலை செய்த நாட்களோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்து, தை கடைசியில் எனக்கு அனுப்புங்கள். அடுத்த சம்பாவுக்குச் செம்மை நெல்லைக் கூட்டுவதா, விடுவதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.